காரின் தரைத் தகரத்தில் துரு: வீட்டிலேயே வெல்டிங் வைக்கலாமா?

#1 ஞாயிறு மெக்கானிக்

வணக்கம் நண்பர்களே. பழைய கார்புரேட்டர் கார் ஒன்றை வீட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து வருகிறேன். பிரேக், வயரிங், இன்ஜின் டியூனிங் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. இப்போது ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், தரைத் தகரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பொத்தல். உள்ளே இருந்தபடியே கீழே மண் தெரிகிறது.

கையில் இருப்பவை: சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் (மேலே 200 என்று போட்டிருக்கிறது), 4 இன்ச் கிரைண்டர், டிரில், வைஸ். இரும்பு ஆங்கிளில் ஷெல்ஃப், ஸ்டாண்டு எல்லாம் அடித்திருக்கிறேன். கார்த் தகரத்தில் கை வைத்தது கிடையாது. இந்த மெஷினே போதுமா, மிக் மெஷின்தான் (குச்சிக்குப் பதில் வயர் தானாக ஓடி வரும் வெல்டிங் மெஷின்) வேண்டுமா? வீட்டு பிளக் பாயின்ட் தாங்குமா?

#2 கிரைண்டர்தாசன்

போதும். ஒரு பொத்தலோடு உள்ளே போய் நாலு பொத்தலோடு வெளியே வரலாம்.

#3 பழைய ஸ்பேனர்

தம்பி, மெஷின் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பழைய திருப்புளியை எடுத்துப் பொத்தலைச் சுற்றிக் குத்திக்கொண்டே போங்கள். எங்கே முனை இறங்காமல் டக்கென்று நிற்கிறதோ, அங்கேதான் நல்ல தகரம் ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பொத்தலைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் வரும், பயப்படாதீர்கள். துருவின் மேல் வெல்டிங் நிற்காது. உலோகம் உருகிச் சேர வேண்டிய இடத்தில் துருவும் பெயின்டும் இருந்தால் வெல்டிங் நுரைத்து ஓட்டை ஓட்டையாகத்தான் உட்காரும்.

அடுத்து, துரு எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். வெறும் தரைத் தகரம் என்றால் வீட்டில் செய்யலாம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம், அடியில் நீளமாகப் போகும் சேஸிஸ் சட்டம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், சஸ்பென்ஷன் மாட்டும் இடம் இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டிருந்தால் பாடி வேலை தெரிந்தவரிடம் கொண்டு போய்விடுங்கள். மோதும்போது ஆளைக் காப்பாற்றுவது அந்த இடங்கள்தான். வெல்டிங் பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காகப் பலமாக இருக்கும் என்று அர்த்தமில்லை.

#4 மின்வில்

பிளக் கேள்விக்கு மட்டும் வருகிறேன். மெஷின் மேல் இருக்கும் 200 என்பது ராடு (உருகிச் சேரும் வெல்டிங் குச்சி) பக்கம் வரும் ஆம்பியர், அதுவும் அதிகபட்சம். உங்களுக்கு அது தேவையே படாது. 2.5 மி.மீ. ராடை 75 ஆம்பியரில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆர்க் மெஷின்களுக்கு வெளிவரும் வோல்டேஜைக் கணக்கிட ஒரு வாய்பாடு உண்டு: 20 கூட்டல் ஆம்பியரின் 0.04 மடங்கு. அப்படியானால் 23 வோல்ட். 23ஐ 75ஆல் பெருக்கினால் சுமார் 1,725 வாட். மெஷினின் செயல்திறன் 80 சதவீதம் என்று வைத்தால் சுவரிலிருந்து இழுப்பது ஏறக்குறைய 2,150 வாட். சாதாரண இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.7 பக்கம் இருக்கும். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் சொச்சம் வரும்.

அதனால் நல்ல 16 ஆம்பியர் பாயின்ட் தாங்கும், சின்ன பிளக் தாங்காது. அதைவிடப் பெரிய தொல்லை எக்ஸ்டென்ஷன் வயர். 1 சதுர மி.மீ. வயரில் 20 மீட்டர் இழுத்தால் போக வர 40 மீட்டர் செம்பு, 0.7 ஓம். 13 ஆம்பியரில் 9 வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும், கூடவே நூற்றுச் சொச்சம் வாட் சூடு. சுருட்டி வைத்த நிலையில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும். 2.5 சதுர மி.மீ. வயர் வாங்குங்கள், முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

டியூட்டி சைக்கிள் என்று ஒரு எண்ணும் ஸ்டிக்கரில் இருக்கும். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஆர்க், நாலு நிமிடம் ஓய்வு. உங்கள் வேலைக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் தகரத்தில் தொடர்ச்சியாக ஆறு விநாடிகூட அடிக்கப் போவதில்லை.

#5 பட்டறைப் பெண்

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். பாடித் தகரம் 0.7, 0.8 மி.மீ. தான் இருக்கும். நீங்கள் ஷெல்ஃப் அடித்த ஆங்கிள் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல். 3 மி.மீ. இரும்பு சூட்டை இழுத்துக்கொண்டு பரவவிடும். தகரத்துக்கு அந்தத் திராணி கிடையாது, ஆர்க் பட்ட இடத்திலேயே சூடு தேங்கி அப்படியே உருகி விழும். 2.5 ராடுக்கு 60 ஆம்பியராவது கொடுக்க வேண்டும், அந்த 60ஐத் தகரம் தாங்காது. அதனால் என் ஓட்டு மிக் மெஷினுக்குத்தான். 0.6 மி.மீ. வயர், ஆர்கானில் கால்வாசி கார்பன் டைஆக்சைடு கலந்த கேஸ். வெறும் கார்பன் டைஆக்சைடிலும் ஓடும், ஆனால் சூடு கூடும், பொறி சிதறுவதும் கூடும்.

கேஸ் இல்லாத ஃப்ளக்ஸ் வயர் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வெளியில் காற்றடிக்கும் இடத்துக்கு நல்லது, கனமான இரும்புக்கு நல்லது. தகரத்துக்குச் சூடு அதிகம். அப்படியே போட்டாலும் போலாரிட்டியை மாற்ற மறக்காதீர்கள். சாதாரண வயருக்கு டார்ச் (வயர் வெளிவரும் கைப்பிடி) பாசிட்டிவ்வில் இருக்கும், கேஸ் இல்லாத வயருக்கு நெகட்டிவ்வில் இருக்க வேண்டும். மாற்றாமல் அடித்துவிட்டு மெஷின் சரியில்லை என்று சொல்பவர்கள் நிறைய.

#6 பழைய ஸ்பேனர்

அம்மா, மிக் வருவதற்கு முன்னாலும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ராடிலும் முடியும். 1.6 மி.மீ. ராடு வாங்கி 30, 35 ஆம்பியரில் வையுங்கள். ராடின் ரக எண் 6013 ஆகத்தான் இருக்க வேண்டும், 7018 இதற்கு ஆகாது. ஹோல்டரை நெகட்டிவ்வில் போட்டால் ஆழம் குறைந்து பொத்தல் விழுவதும் குறையும். பின்பக்கம் செம்புப் பட்டை ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். செம்பு சூட்டை உறிஞ்சும், இரும்பு அதில் ஒட்டாது. சாய்வாக வைக்க முடிந்தால் மேலிருந்து கீழே இழுங்கள்.

#7 பட்டறைப் பெண்

ஐயா, உங்கள் கைக்கு முடியும், அதில் சந்தேகமே இல்லை. ஷெல்ஃப் மட்டும் அடித்த கைக்கு, அதுவும் காருக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டு? 1.6 ராடு ஈர்க்குச்சி மாதிரி ஆடும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஆர்க் புதிதாகப் பிடிக்க வேண்டும், ராடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்கினால் தகரமும் சேர்ந்து வரும். அப்புறம் ஒவ்வொரு புள்ளியிலும் கசடு (ராடின் பூச்சு உருகி மேலே படியும் ஓடு) தட்ட வேண்டும். தட்டாமல் விட்ட கசடுக்கு மேல் அடுத்த புள்ளி வைத்தால் உள்ளே பொந்து. தண்ணீர் போகும் தரையில் பொந்து இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

#8 பழைய ஸ்பேனர்

கசடு விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, மிக் மெஷின் வாங்கித்தான் தீர வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அதே கனத்தில் வேண்டாத தகரத்துண்டு நாலு எடுத்து உங்கள் மெஷினில் அடித்துப் பாருங்கள். ஆறியதும் வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்குங்கள். வெல்டிங் பிரிந்தால் சூடு பற்றவில்லை. வெல்டிங் நின்று பக்கத்துத் தகரம் கிழிந்தால் பாஸ்.

#9 அரைகுறை

இடையில் ஒரு கேள்வி. பேட்சுக்குப் பழைய கால்வனைஸ்டு கூரைத் தகரம் வெட்டிக்கொள்ளலாமா? துருப்பிடிக்காது இல்லையா?

#10 மின்வில்

துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் துத்தநாகப் பூச்சு. அது ஏறக்குறைய 907 டிகிரியில் ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரி பக்கம் வேண்டும். அதாவது இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாக உங்கள் மூக்குக்குள் போயிருக்கும். அந்தப் புகையை இழுத்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோக ருசி. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். மூச்சு வாங்கினால் மட்டும் வீட்டில் இருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அதில் பலன் இல்லை. சாதாரணக் கறுப்புத் தகரம், குளிர்முறையில் உருட்டியது, வாங்குங்கள். துருவைத் தடுப்பது பிரைமரின் வேலை.

இதைவிட மோசமானது பிரேக் கிளீனர். அதில் இரண்டு ரகம் உண்டு. குளோரின் கலந்த ரகத்தால் துடைத்த இடத்தில் ஆர்க் அடித்தால் சூட்டிலும் புறஊதாக் கதிரிலும் அது பாஸ்ஜீனாக மாறும். முதல் உலகப் போரில் விஷவாயுவாகப் பயன்படுத்தியது அதுதான். கொஞ்சம் போதும், நுரையீரல் போய்விடும், அதுவும் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். டப்பாவில் டெட்ராகுளோரோ, டைகுளோரோ என்று ஏதாவது இருந்தால் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். துடைப்பதற்கு அசிட்டோன் போதும், அதுவும் முழுக்க உலர்ந்த பிறகு, டப்பாவைத் தூரத்தில் மூடி வைத்த பிறகு.

#11 இருசக்கரம்

இழை திசைமாறினாலும் கேட்டுவிடுகிறேன். என் பைக் டேங்க்கில் ஊசிமுனை அளவு ஒழுக்கு. பெட்ரோலை வடித்துவிட்டு, ஒரு வாரம் வெயிலில் மூடி திறந்து வைத்துவிட்டு, ஒரே ஒரு புள்ளி?

#12 பழைய ஸ்பேனர்

வேண்டாம். ஒரு புள்ளியும் வேண்டாம்.

#13 பட்டறைப் பெண்

ஐயா சொன்னதற்குக் காரணம்: பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றும். நிறைந்த டேங்க்கில் ஆவி அதற்கும் மேலே செறிவாக இருக்கும். காலி டேங்க்கில்தான் அது பற்றும் அளவுக்கு வந்து நிற்கும். மடிப்புகளிலும் துருப் பொருக்குக்குள்ளும் ஊறிய பெட்ரோல் வெயிலில் வைத்தால் போகாது. நீங்கள் சூடு காட்டும்போதுதான் வெளியே வரும். ஊசிமுனை ஒழுக்குக்கு உள்ளே ஊற்றிச் சுழற்றும் டேங்க் சீலரோ பெட்ரோல் தாங்கும் இப்பாக்ஸியோ போதும். அதற்கு மேல் என்றால், மந்த வாயு நிரப்பிச் செய்யத் தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

#14 ஞாயிறு மெக்கானிக்

எல்லோருக்கும் நன்றி. திருப்புளி சோதனை செய்தேன். ஐயா சொன்னதுபோலவே அகலமாகிவிட்டது, ஆனால் சட்டங்கள் எல்லாம் கெட்டியாக இருக்கின்றன. இப்போது நான் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடத்தில்: சீட்டைக் கழற்ற வேண்டும், நாலு போல்ட்டில் இரண்டு அசையவே மாட்டேன் என்கிறது. ஒன்றின் தலை உருள ஆரம்பித்துவிட்டது.

#15 கிரைண்டர்தாசன்

கிரைண்டர்.

#16 இருசக்கரம்

அவசரப்படாதீர்கள். முதலில் கீழ்ப்பக்கத்திலிருந்து போல்ட்டின் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் துருவோடு திருகினால் அது நட்டுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் தலையில் சுத்தியலால் நேராக நாலு அடி. அப்புறம் கழற்றும் திசையில் இல்லை, இறுக்கும் திசையில் கொஞ்சம் அசையுங்கள். அசைந்தால் முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்துவிடலாம். பன்னிரண்டு முனை சாக்கெட்டைத் தூர வைத்துவிட்டு ஆறு முனை சாக்கெட் போடுங்கள், அது தலையின் மூலையில் இல்லாமல் பக்கவாட்டில் பிடிக்கும்.

உருண்டுபோன தலைக்கு உங்களிடமே மருந்து இருக்கிறது. ஒரு அளவு பெரிய நட்டை அதன் மேல் வைத்து, நட்டின் உள்துளை வழியாக ராடை இறக்கி இரண்டையும் சேர்த்து வெல்டிங் வையுங்கள். புதிய தலையும் கிடைக்கும், வெல்டிங் சூட்டில் துருவும் விட்டுக்கொடுக்கும். சிவப்பு அடங்கியதும், கை பொறுக்காத சூட்டிலேயே ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். எண்ணெய் ஊற்றிய இடம் என்பதால் முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும். விரிப்பையும் அடியில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டையும் உரித்தெடுத்த பிறகுதான் ஆர்க்.

ஜப்பான் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: அதில் இருக்கும் பிளஸ் ஸ்குரு நம் பிலிப்ஸ் ஸ்குரு இல்லை, ஜே.ஐ.எஸ். என்ற வேறு வடிவம். தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். பிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை உட்காராது, அதனால்தான் வழுக்கி வழுக்கித் தலை கெடுகிறது. ஜே.ஐ.எஸ். திருப்புளி ஒன்று வாங்கிவிட்டால் பாதி ஸ்குரு சாபம் தீர்ந்துவிடும்.

#17 மின்வில்

கிரைண்டர்தாசன் விளையாட்டாகச் சொன்னாலும் அடுத்து அதைத்தான் எடுக்கப் போகிறார். 4 இன்ச் கிரைண்டரில் கார்டை (வீலைச் சுற்றியிருக்கும் தகட்டு மறைப்பு) கழற்றிவிட்டு 7 இன்ச் வீல் மாட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். கட்டிங் வீல் விளிம்பு வேகம் விநாடிக்கு 80 மீட்டரைத் தாண்டக் கூடாது, வீலிலேயே அச்சிட்டிருப்பார்கள். 180 மி.மீ. வீலுக்கு அது நிமிடத்துக்கு சுமார் 8,500 சுற்று. உங்கள் சின்ன கிரைண்டர் 11,000 சுற்றுகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 100 மீட்டருக்கு மேல். உடைந்தால் துண்டு முகத்துக்குத்தான் வரும். வீலின் நடு வளையத்தில் காலாவதி மாதமும் இருக்கும், அதையும் பாருங்கள்.

#18 கிரைண்டர்தாசன்

இதில் மட்டும் விளையாட்டுக் கிடையாது. கார்டு, முகக் கவசம், உள்ளே ஒரு கண்ணாடி. கட்டிங் வீலின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள், அதற்குத் தடித்த கிரைண்டிங் வீல் அல்லது ஃப்ளாப் டிஸ்க். தகரத்தில் வீலைச் சாய்த்தால் கவ்விக்கொண்டு எகிறும்.

#19 ஞாயிறு மெக்கானிக்

சீட் வந்துவிட்டது! நட்டு வைத்து வெல்டிங் அடித்த போல்ட்தான் முதலில் கழன்றது. கெட்ட தகரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டேன், மூலைகளை மட்டும் வளைவாக. பயிற்சித் துண்டுகளும் அடித்துப் பார்த்தேன். 1.6 ராடில் தட்டையாக மேசை மேல் வைத்து அடித்தால் சுமாராக வருகிறது, காருக்குள் இருக்கும் கோணத்தில் பிடித்து அடித்தால் மடக்கும்போது பிரிகிறது. நண்பர் ஒருவர் மிக் மெஷின் இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேட்சை எப்படி வைப்பது? விளிம்போடு விளிம்பா, மேலே ஏற்றியா?

#20 பட்டறைப் பெண்

தரைக்கு ஏற்றிவைப்பதே போதும். சுற்றிலும் 15, 20 மி.மீ. மேலே படியட்டும். படியும் இடத்தில் இரண்டு பக்கமும் பளபளவென்று வெறும் உலோகம் தெரிய வேண்டும், பின்பக்கம் உட்பட. நடுவில் துத்தநாகம் கலந்த வெல்டிங் பிரைமர் மெல்லிசாக. இங்கே புகை வரும், அதனால் கதவெல்லாம் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். பேட்சின் விளிம்பில் 5, 6 மி.மீ. துளைகளை 25, 30 மி.மீ. இடைவெளியில் போட்டுக்கொண்டால் பிளக் வெல்டிங் வைக்கலாம். துளையின் நடுவில் கீழ்த் தகரத்தின் மேல் ஆர்க்கை ஆரம்பித்து, வட்டமாகச் சுற்றி நிரப்பிவிட்டு வெளியே வாருங்கள். மேல் தகரத்தில் ஆரம்பித்தால் மேலே மட்டும் ஒட்டி அழகாக ஏமாற்றும்.

கிளாம்ப் எட்டாத இடத்தில் இரண்டு தகரத்தையும் தற்காலிக ஸ்குரு போட்டு இறுக்குங்கள். இடைவெளி இருந்தால் பொத்தல் நிச்சயம். வரிசையாகப் போகாதீர்கள். இந்த மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று. வெல்டிங் ஆறும்போது சுருங்கும், ஒரே பக்கமாக அடித்தால் பேட்ச் மொத்தமும் அப்பளமாக நெளிந்துவிடும். அடித்த புள்ளியைக் கையுறை இல்லாமல் தொட முடிகிற அளவு ஆறிய பிறகு பக்கத்துப் புள்ளி. பொறுமை இல்லாதவர்கள் ஈரத்துணி வைத்து ஆற்றுவார்கள், நான் காற்றில் ஆறவிடுவேன்.

#21 மின்வில்

அடிப்பதற்கு முன்னால் சில வேலைகள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் டயோடு பிழைக்கும். இதைப் படிக்கும் புதிய கார்க்காரர்கள் இசியு (காரின் கம்ப்யூட்டர் பெட்டி), ஏர்பேக் கனெக்டர்களையும் கம்பெனி மேனுவல் சொல்லும் முறைப்படி கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சுத்தமாகத் தேய்த்த தகரத்தில் மாட்டுங்கள். தூரத்தில் வீல் டிரம்மில் மாட்டினால் கரண்ட் வீல் பேரிங் வழியாகப் போகும். பேரிங் குண்டுகளில் நுண்ணிய பொறி விழுந்து குழி குழியாகிவிடும், அது தெரியவருவது பிற்பாடு ஓட்டும்போது.

ஹெல்மெட் தானாகக் கறுக்கும் ரகமா? ஷேட் (கண்ணாடியின் கறுப்பு அளவு) 10ல் ஆரம்பியுங்கள். அந்தக் கண்ணாடி கறுக்கத் தவறினாலும் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுத்துவிடும், கண் கூசும் அவ்வளவுதான். ஆபத்து ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு ‘ஒரே ஒரு டேக்’ (சின்னப் புள்ளி வெல்டிங்) அடிப்பதில்தான். ராத்திரி கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அதே கதி.

#22 பழைய ஸ்பேனர்

காருக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பார்த்தீர்களா? பிரேக் பைப், பெட்ரோல் பைப், வயர் கட்டு எல்லாம் பெரும்பாலும் தரையை ஒட்டித்தான் போகும். கழற்றி நகர்த்துங்கள், முடியாவிட்டால் வெல்டிங் போர்வை கட்டி மறையுங்கள். பெட்ரோல் பைப் பக்கத்தில் என்றால் மறைப்பு போதாது, கழற்றத்தான் வேண்டும். அடியில் போய்ப் பார்க்கும்போது வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். கெட்டியான தரை, இரண்டு ஸ்டாண்டு, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை. வெளியே ஒருவர் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் வைத்துக்கொண்டு நிற்கட்டும். உள்ளே அடிப்பவருக்கு வெளியே புகைவது தெரியாது. முடித்த பிறகும் ஒரு மணி நேரம் காரை விட்டு நகராதீர்கள். பஞ்சுக்குள் விழுந்த பொறி சும்மா இருப்பதுபோல இருந்துவிட்டுத்தான் பற்றும்.

நைலான் சட்டை வேண்டாம், பருத்தி. பேன்ட் மடிப்பை அவிழ்த்துவிடுங்கள், பொறி அதற்குள்தான் போய் உட்காரும்.

#23 ஞாயிறு மெக்கானிக்

முடிந்தது. பெட்ரோல் பைப் நிஜமாகவே பொத்தலுக்கு நாலு விரற்கடை தள்ளித்தான் ஓடியது. இரண்டு முனையும் கழற்றி அடைத்து, பைப்பை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இரவல் மெஷின், 0.6 வயர். பிளக் வெல்டிங்குகள் கெட்டியாக இருக்கின்றன, உளி வைத்துத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. விளிம்பில் விட்டுவிட்டு டேக் மட்டும் அடித்திருக்கிறேன். அந்த இடைவெளிகளையும் தொடர்ச்சியாக மூட வேண்டுமா?

#24 பட்டறைப் பெண்

வேண்டாம், சூடு ஏற்றி நெளித்துவிடுவீர்கள். பலத்துக்கு பிளக்குகள் போதும். தண்ணீர் புகாமல் இருக்கச் சீம் சீலர். வரிசை முக்கியம்: கம்பி பிரஷ், துடைப்பு, இப்பாக்ஸி பிரைமர், அது உலர்ந்ததும் விளிம்பு முழுக்கச் சீலர், அப்புறம் பெயின்ட். அடிப்பக்கமும் அதே மாதிரி, அதற்கு மேல் அண்டர்கோட் (காரின் அடிப்பாகத்துக்கான காப்புப் பூச்சு). பட்டி பூசி மறைக்காதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியில் துருவை வளர்க்கும்.

#25 அரைகுறை

இவ்வளவு செய்த பிறகு துரு திரும்ப வருமா?

#26 பழைய ஸ்பேனர்

முதலில் ஏன் வந்தது என்று பார்த்தாரா என்பதைப் பொறுத்தது. தரைத் தகரம் கீழேயிருந்து துருப்பிடிப்பதைவிட மேலேயிருந்து துருப்பிடிப்பதுதான் அதிகம். முன் கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், வைப்பர் பக்கத்து வடிகால் அடைப்பு, ஹீட்டர் குழாய். எங்கேயோ தண்ணீர் இறங்கி விரிப்புக்கு அடியில் நிற்கிறது. அதை விட்டுவிட்டு இதை மட்டும் ஒட்டினால் மறுபடியும் இதே கேள்வியோடு வருவீர்கள்.

#27 ஞாயிறு மெக்கானிக்

விரிப்பு பிரேக் பெடல் பக்கம்தான் ஈரமாக இருந்தது. ஹீட்டர் குழாய் உலர்வாக இருக்கிறது. அப்படியானால் கண்ணாடி ரப்பரா?

#28 பட்டறைப் பெண்

அல்லது வைப்பருக்குக் கீழே இருக்கும் வடிகால். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு உட்காரட்டும். வெளியே ஹோஸ் பைப்பைக் கீழ்மட்டத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே கொண்டு போங்கள், ஒவ்வொரு மட்டத்திலும் ஐந்து நிமிடம். மேலேயிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எது ஒழுகுகிறது என்றே தெரியாது. சீட்டையும் விரிப்பையும் அதுவரை மாட்டாதீர்கள்.

#29 ஞாயிறு மெக்கானிக்

வடிகால்தான்! இலையும் மண்ணும் அடைத்து உள்ளே ஒரு செடியே முளைத்திருக்கிறது. எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீர் விட்டோம், உள்ளே ஒரு சொட்டு இல்லை. அடுத்த ஞாயிறு சீட் மாட்டுகிறேன். போல்ட்டுக்கு ஆன்டி சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) தடவலாமா?

#30 இருசக்கரம்

சீட் போல்ட்டுக்குக் கம்பெனி மேனுவல் சொன்னால் மட்டும். எண்ணெய்ப் பசை உராய்வைக் குறைத்துவிடும், டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவை வைத்துத் திருகும் ஸ்பேனர்) அதே எண்ணை வைத்தாலும் போல்ட் கூடுதலாக இழுபடும். உருண்டுபோன இரண்டுக்கும் பழையதைப் போடாமல் அதே தரக் குறியீடு உள்ள புதிய போல்ட் வாங்குங்கள்.